அமெரிக்காவில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் எங்கே இருக்கிறது?

மரத்தடி_முருகு:
குடியுரிமை நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உரிமைகள் பற்றிய பாடம் சுலபம்தான்: முதல் பத்துத் திருத்தங்களுக்கு உரிமைச் சாசனம் என்று பெயர், 1791-இல் வந்தது, பேச்சு, மதம், ஆயுதம், ஜூரி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஒன்று உதைக்கிறது. 1791-இலேயே எழுதி முடித்துவிட்டார்கள் என்றால் 1973-இல் கருக்கலைப்பு உரிமை எங்கிருந்து வந்தது? வந்தது 2022-இல் எப்படிப் போனது? நடுவில் அதுபற்றி அரசியல் சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லையே. நம் ஊர் அரசியல் சட்டத்தில் மூன்றாம் பகுதியைத் திறந்தால் அடிப்படை உரிமைகள் ஷரத்து ஷரத்தாக இருக்கின்றன. இங்கே அந்தப் பட்டியல் எங்கே? அரசியல் சண்டை வேண்டாம், சட்டம் எப்படி வளர்ந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

குமார்_டெலவேர்:
அரசியல் சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கருக்கலைப்பில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நடத்துங்கள். சுருக்கமான பதில்: அப்படி ஒரு பட்டியலே கிடையாது. நீளமான பதிலுக்குச் சங்கரி அக்கா வருவார்.

சங்கரி_வக்கீல்:
வந்துவிட்டேன். முருகு, 1791-இல் எழுதிய அந்தப் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசின் கையைக் கட்டத்தான் வந்தன. மாநிலங்களை அவை தொடவே இல்லை. ஜேம்ஸ் மேடிசன் தொடவைக்கப் பார்த்தார். மனசாட்சிச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், கிரிமினல் வழக்கில் ஜூரி விசாரணை, இவற்றை எந்த மாநிலமும் மீறக்கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கீழவை ஒப்புக்கொண்டது, செனட் வெட்டிவிட்டது.

அந்த வெட்டு எவ்வளவு ஆழம் என்று 1833-இல் தெரிந்தது. பால்டிமோர் துறைமுகத்தில் ஜான் பேரன் என்பவருக்குப் பங்குள்ள ஒரு படகுத்துறை. நல்ல ஆழம், பெரிய கப்பல்கள் வந்து நிற்கும். நகராட்சி சாலை போடுகிறேன் என்று ஓடைகளைத் திருப்பிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் மண்ணும் மணலும் அடித்துவந்து துறையடியில் படிந்து, கடைசியில் கப்பலே ஒதுங்க முடியாமல் மேடாகிவிட்டது. கீழ்க்கோர்ட்டில் 4,500 டாலர் இழப்பீடு கிடைத்தது. மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று ஐந்தாவது திருத்தம் சொல்கிறதே என்று பேரன் உச்ச நீதிமன்றம் வந்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், கேள்வி மிக முக்கியமானது, ஆனால் அவ்வளவு கடினமானதல்ல என்று சொல்லி, அந்தத் திருத்தம் மாநிலங்களைக் கட்டாது என்று முடித்துவிட்டார். நகராட்சித் தரப்பை வாதாடவே விடவில்லை. தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

அப்படி நிறுத்தப்பட்ட வக்கீல்களில் ஒருவர் ரோஜர் டேனி. பிறகு தலைமை நீதிபதியாகி, 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று எழுதினாரே, அதே டேனிதான்.

மரத்தடி_முருகு:
அப்படியானால் அந்தக் காலத்தில் ஒரு மாநிலம் பத்திரிகையைத் தடை செய்தால் முதல் திருத்தம் உதவாதா?

சங்கரி_வக்கீல்:
உதவாது. அந்த மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்தில் ஏதாவது இருந்தால் உண்டு. தென்மாநிலங்கள் அடிமை ஒழிப்புப் பிரசுரங்களைக் குற்றமாக்கியபோது மத்திய உரிமைச் சாசனம் வேடிக்கைதான் பார்த்தது. உள்நாட்டுப் போர் முடிந்து 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் இதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. 'எந்த மாநிலமும்' என்றே தொடங்குகிறது அந்த வாக்கியம். அதில் மூன்று வாக்குறுதிகள். குடிமக்களின் சலுகைகளையும் காப்புகளையும் குறைக்கக்கூடாது. முறையான சட்ட நடைமுறை இல்லாமல் உயிர், சுதந்திரம், சொத்து எதையும் பறிக்கக்கூடாது. சட்டத்தின் சமப் பாதுகாப்பை யாருக்கும் மறுக்கக்கூடாது.

இதில் முதலாவதுதான் முன்வாசல். செனட்டில் இந்தத் திருத்தத்தை அறிமுகப்படுத்திய ஜேக்கப் ஹோவர்ட், அந்தச் 'சலுகைகளும் காப்புகளும்' என்பதற்குள் முதல் எட்டுத் திருத்தங்களின் உரிமைகளும் அடங்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த வாசல் ஐந்தே வருடத்தில் அடைபட்டது. அடைத்தது ஒரு கசாப்புக்கூட வழக்கு.

குமார்_டெலவேர்:
இதை விரிவாகச் சொல்லுங்கள் அக்கா. எல்லாரும் பிரவுன், மிராண்டா என்று பிரபலமான வழக்குகளின் பின்னால் ஓடுகிறார்கள், இந்த வழக்கை யாரும் பேசுவதில்லை.

சங்கரி_வக்கீல்:
நியூ ஆர்லியன்ஸ். நகரத்துக்கு மேலே மிசிசிப்பி ஆற்றோரம் கசாப்புக்கூடங்கள். வெட்டிய மாட்டின் குடல், சாணம், ரத்தம் எல்லாம் ஆற்றுக்குள். கொஞ்சம் கீழே அதே ஆற்றிலிருந்துதான் நகரத்துக்குக் குடிநீர்க் குழாய். காலரா வந்து வந்து போன ஊர். 1869-இல் லூசியானா ஒரு சட்டம் போட்டது: இனி ஒரே கம்பெனியின் கூடத்தில்தான் மாடு வெட்ட வேண்டும், அந்தக் கம்பெனிக்கு 25 வருட ஏகபோகம், மற்றவர்கள் கட்டணம் கட்டி அங்கே போய் வெட்டிக்கொள்ளலாம். சுகாதாரச் சட்டம் என்ற வகையில் நியாயம்தான். ஆனால் கம்பெனிக்காரர்கள் சட்டமன்றத்தில் காசு இறைத்தார்கள் என்ற பேச்சும் பலமாக இருந்தது. உழைத்துப் பிழைக்கும் உரிமை ஒரு குடிமகனின் சலுகை இல்லையா என்று கசாப்புக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.

அவர்களுக்காக வாதாடியவர் யார் தெரியுமா? ஜான் கேம்பெல். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், ட்ரெட் ஸ்காட் வழக்கில் டேனி பக்கம் நின்றவர், 1861-இல் பதவியை விட்டு, பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு அரசின் போர்த்துறையில் போய்ச் சேர்ந்தவர். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதிய திருத்தத்தை முதன்முதலாகப் பெரிதாகப் பயன்படுத்தப் பார்த்தவர் இவர்!

1873 ஏப்ரல் 14-இல் தீர்ப்பு. 5-க்கு 4. நீதிபதி சாமுவேல் மில்லர் (படிப்பால் மருத்துவர், சுகாதார வாதம் அவருக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை) என்ன செய்தார்? சட்டத்தைச் செல்லும் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதோடு விடாமல், 14-ஆவது திருத்தம் காப்பது மத்தியக் குடியுரிமையின் சலுகைகளை மட்டும்தான் என்று சொல்லி, உதாரணமும் கொடுத்தார்: தலைநகருக்குப் போய்வரலாம், துறைமுகங்களைப் பயன்படுத்தலாம், நடுக்கடலில் அரசின் பாதுகாப்பைக் கேட்கலாம். அவ்வளவுதான். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய உரிமைகள் எல்லாம் மாநிலத்தின் தயவு.

இந்தத் தீர்ப்பு வந்ததற்கு முந்தைய நாள், அதே லூசியானாவில், கோல்ஃபாக்ஸ் என்ற ஊரின் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் சுற்றிவளைத்துக் கொன்றது. பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார்கள். மத்திய அரசு வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக்கொடுத்தது. 1876-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூட்டம் கூடும் உரிமையும் ஆயுத உரிமையும் மத்திய அரசைத்தான் கட்டும், மற்றதற்கு மாநிலத்திடம் போங்கள் என்றது. எந்த மாநிலத்திடம்? அந்தக் கும்பலைத் தண்டிக்க எண்ணமே இல்லாத மாநிலத்திடம்.

பழனியப்பன்_எம்:
அம்மா, நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் மில்லரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஃபீல்டு கேட்டது என்ன? தொழில் செய்யும் சுதந்திரம். அது ஜெயித்திருந்தால் என்ன ஆகும் என்பதை 1905-இல் பார்த்தோம். நியூயார்க் மாநிலம் பேக்கரித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல் வேலை கூடாது என்றது. லாக்னர் என்ற முதலாளி 50 டாலர் அபராதத்தை எதிர்த்துப் போய் ஜெயித்தார், ஒப்பந்தச் சுதந்திரம் என்று. 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நீதிபதிகள் தீர்மானிக்க ஆரம்பித்தால், முதலில் உள்ளே வருபவர் கையில் காசுள்ளவர்தான்.

சங்கரி_வக்கீல்:
லாக்னர் வந்ததே முன்வாசலை அடைத்ததால்தான் ஐயா. முதல் வாக்குறுதி செத்துப்போனதும் எல்லாரும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 'முறையான சட்ட நடைமுறை' என்றால் சாதாரணமாக நமக்குத் தோன்றுவது நோட்டீஸ், விசாரணை, தீர்ப்பு. அதைப் போட்டு இழுத்து, சில சுதந்திரங்களை எந்த நடைமுறையாலும் பறிக்க முடியாது என்று ஆக்கினார்கள். கொல்லைப்புற வழி. அதில் லாக்னரும் வந்தார், 1923-இல் மேயர் என்ற பெயருடைய ஒருவரும் வந்தார். நெப்ராஸ்காவில் ஒரு பையனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஆசிரியர். முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மன் என்றாலே எரிச்சலாக இருந்த நேரம். பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்பதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சுதந்திரம் உண்டு என்று கோர்ட் சொன்னது. லாக்னரை வேண்டாம் என்பவர்கள் மேயரையும் வேண்டாம் என்பார்களா?

பழனியப்பன்_எம்:
நல்ல கேள்வி. என் பதில்: லாக்னரை 1937-இல் ஒரு ஹோட்டல் பணிப்பெண்ணின் வழக்கு சாய்த்தது. வாஷிங்டன் மாநிலம், வெனாட்சி என்ற ஊர், எல்சி பாரிஷ். பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 14.50 டாலர், அது தனக்குக் கிடைக்கவில்லை என்று போனார். 5-க்கு 4-இல் ஜெயித்தார். அதன் பிறகு கோர்ட் பொருளாதாரச் சட்டங்களை விட்டுவிட்டது. மேயரை மட்டும் வைத்துக்கொண்டது. ஏன் ஒன்றை வைத்து ஒன்றை விட்டார்கள் என்பதற்கு அரசியல் சட்டத்தில் காரணம் தேடினால் கிடைக்காது.

குமார்_டெலவேர்:
காரணம் ஒரு அடிக்குறிப்பில் இருக்கிறது. 1938, கரோலின் கம்பெனி வழக்கு. கொழுப்பு எடுத்த பாலில் தேங்காய் எண்ணெய் கலந்து டப்பாவில் விற்றார்கள், மத்திய சட்டம் தடுத்தது, கோர்ட் சட்டத்தின் பக்கம். அந்தத் தீர்ப்பின் நான்காவது அடிக்குறிப்பில் நீதிபதி ஸ்டோன் ஒரு கோடு காட்டினார்: வியாபாரச் சட்டம் என்றால் பெரிதாகத் தலையிட மாட்டோம், ஆனால் உரிமைச் சாசனத்தில் எழுதிய உரிமை, ஓட்டு போன்ற அரசியல் வழிகளை அடைப்பது, ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினர் மேல் காட்டும் வெறுப்பு, இந்த மூன்றிலும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கலாம். நூறு வருடச் சட்டத்தின் திசை ஒரு தேங்காய் எண்ணெய்த் தகராறின் அடிக்குறிப்பில் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மரத்தடி_முருகு:
சரி, 'அடிப்படை உரிமை' என்று ஒன்றைத் தனியாகப் பெயர் சொல்லிக் காப்பாற்ற ஆரம்பித்தது எப்போது?

சங்கரி_வக்கீல்:
ஒரே தேதி சொல்ல முடியாது. ஆனால் என்னைக் கேட்டால் 1942, ஸ்கின்னர் எதிர் ஓக்லஹோமா. இதை நிதானமாகப் பாருங்கள்.

ஓக்லஹோமாவில் 1935-இல் ஒரு சட்டம்: சில வகைக் குற்றங்களில் மூன்று முறை தண்டனை பெற்றவருக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யலாம். ஜாக் ஸ்கின்னர் 1926-இல் கோழி திருடியிருக்கிறார். பிறகு இரண்டு முறை ஆயுதம் காட்டிக் கொள்ளை. கணக்கு மூன்றாகிவிட்டது. இதில் வேடிக்கை, கையாடல் அந்தச் சட்டத்தில் சேராது. நீதிபதி டக்ளஸ் இதைப் பிடித்துக்கொண்டார். கோழிக்கூட்டில் நுழைந்து கோழி திருடுபவன் மூன்றாம் முறை மாட்டினால் அறுவை. அதே கோழிகளை நம்பி ஒப்படைக்கப்பட்டவன் விற்று முழுங்கினால் அது கையாடல், எத்தனை முறை மாட்டினாலும் அவனைத் தொட முடியாது. திருட்டுக் குணம் பிள்ளைகளுக்கு இறங்கும், கையாடல் குணம் இறங்காது என்று யார் கண்டது?

ஆகவே சமப் பாதுகாப்பு மீறல் என்று சட்டத்தை வீழ்த்தினார்கள். அதோடு, திருமணமும் இனப்பெருக்கமும் மனிதனின் அடிப்படையான உரிமைகளில் சேர்ந்தவை, அவற்றில் கைவைக்கும் சட்டத்தைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லாத ஓர் உரிமைக்கு அந்தத் தகுதி கிடைத்தது. வெறும் பதினைந்து வருடம் முன்பு, 1927-இல், வர்ஜினியாவின் இதேபோன்ற சட்டத்தை 8-க்கு 1 என்று இதே கோர்ட் அங்கீகரித்திருந்தது. எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். லாக்னரில் தொழிலாளி பக்கம் நின்ற அதே ஹோம்ஸ். நீதிபதி ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கொள்கை ஒரு வழக்கில் தொழிலாளியைக் காப்பாற்றுகிறது, இன்னொன்றில், அந்த 1927 வழக்கின் கேரி பக் என்ற இளம்பெண்ணைக் கத்திக்குக் கொடுக்கிறது. பழனியப்பன் ஐயா இதற்கு என்ன சொல்வார் என்று தெரிய வேண்டும்.

பழனியப்பன்_எம்:
1927 தீர்ப்பை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஸ்கின்னரைக் காப்பாற்ற சமப் பாதுகாப்பு ஒன்றே போதும், டக்ளஸ் கூடுதலாக எழுதிய வரிகள் தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

குமார்_டெலவேர்:
உரிமைச் சாசனம் மாநிலங்களுக்கு எப்படிப் பொருந்தியது என்பதையும் முருகுக்காகச் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக இல்லை, ஒவ்வொன்றாக. பேரன் கேட்ட இழப்பீடு 1897-இல் மாநிலங்களுக்கும் வந்தது, அவருக்குப் பிரயோஜனமில்லை. பேச்சுரிமை 1925, பத்திரிகை 1931. 1947-இல் நீதிபதி ஹியூகோ பிளாக் முதல் எட்டுத் திருத்தங்களையும் சேர்த்து ஒரேயடியாகக் கொண்டுவாருங்கள் என்றார், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் மாட்டேன் என்றார். ஆனால் 1961 முதல், ஏர்ல் வாரன் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில், கடகடவென்று வந்துவிட்டன: சட்டவிரோதச் சோதனையில் எடுத்த சாட்சியம் செல்லாது, ஏழைக்கு அரசு செலவில் வக்கீல், ஜூரி. எல்லாமே கொல்லைப்புறம் வழியாகத்தான்.

மரத்தடி_முருகு:
இப்போது என் முதல் கேள்விக்கு வரலாமா?

சங்கரி_வக்கீல்:
வரலாம். 1965, கனெக்டிகட். திருமணமானவர்கள்கூடக் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தக்கூடாது என்று 1879-இல் போட்ட சட்டம். ஆலோசனை சொன்ன கிளினிக் நிர்வாகி கிரிஸ்வால்டுக்கும் மருத்துவருக்கும் தலா 100 டாலர் அபராதம். மறுபடி டக்ளஸ். லாக்னர் பெயர் கெட்டுக் கிடந்ததால் கொல்லைப்புற வழியில் வந்ததாகச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் திருத்தங்களின் நிழலில் அந்தரங்க உரிமை இருக்கிறது என்றார். பிளாக் ஏற்கவில்லை. எனக்கும் அந்தரங்கம் பிடிக்கும், ஆனால் அது எங்கே எழுதியிருக்கிறது என்றார். அங்கிருந்து 1967-இல் கலப்பு மணம், 1972-இல் மணமாகாதவருக்கும் கருத்தடை, 1973-இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்கு, 2003-இல் ஓரினச் சேர்க்கை குற்றமில்லை, 2015-இல் ஓரினத் திருமணம்.

நடுவில் 1997-இல் ஒரு பிரேக் விழுந்தது. மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்வது உரிமையா என்ற வழக்கில் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் ஓர் அளவுகோல் வைத்தார்: தேசத்தின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியிருந்தால்தான் எழுதாத உரிமை ஏற்கப்படும். 2022-இல் நீதிபதி அலிட்டோ ரோவை வீழ்த்தியது இந்த அளவுகோலால்தான். 1868-இல் இருந்த 37 மாநிலங்களில் 28, கருக்கலைப்பைக் கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் குற்றமாக்கியிருந்தன என்று பட்டியல் போட்டார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகளும் கேட்டார்கள்: 1868-இல் பெண்ணுக்கு ஓட்டே இல்லையே, அன்று ஆண்கள் மட்டும் கூடி எழுதியதை வைத்தா அவள் உரிமையை அளப்பது? எனக்கு அந்தக் கேள்விக்கு அலிட்டோவின் தீர்ப்பில் திருப்தியான பதில் இல்லை.

பழனியப்பன்_எம்:
எனக்கு இருக்கிறது. பெண்களுக்கு இன்று ஓட்டு இருக்கிறது, மாநிலம் மாநிலமாகப் போய் ஜெயிக்கட்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பதில். கான்சஸ் மாதிரி பழமைவாத மாநிலத்திலேயே 2022 ஆகஸ்டில் மக்கள் கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தார்களே.

சங்கரி_வக்கீல்:
வாக்குக்கு விட முடியாத விஷயங்கள் சில உண்டு என்பதற்காகத்தானே ஐயா உரிமை என்றே பெயர் வைத்தோம்? கலப்பு மணத்தை 1967-இல் வர்ஜினியாவில் வாக்குக்கு விட்டிருந்தால் ஜெயித்திருக்குமா?

மட்டுறுத்துநர்:
இருவரும் நன்றாகத்தான் போகிறீர்கள். கருக்கலைப்பு சரியா தவறா என்று இறங்கிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். இழையின் பொருள் சட்ட வளர்ச்சி.

தேன்மொழி_டீச்சர்:
ஓரமாக ஒன்று. நம் இந்திய அரசியல் சட்டத்தை எழுதும்போது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா போய் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்த 'முறையான நடைமுறை' வாசகம் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தருகிறது, வேண்டாம் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் யோசனை. அதனால்தான் நம் 21-ஆவது ஷரத்தில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று வந்தது. விளைவை முதலில் அனுபவித்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன். சென்னை மாகாணம் அவரைத் தடுப்புக்காவலில் வைத்திருந்தது. 1950-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, அது நியாயமா என்று நாங்கள் பார்க்க முடியாது என்றுவிட்டது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தார்கள். லாக்னருக்குப் பயந்து கதவை அடைத்தோம், கோபாலன் உள்ளே மாட்டிக்கொண்டார்.

இன்னொன்று, ஆசிரியை என்பதால். அமெரிக்காவில் கல்வி அடிப்படை உரிமை இல்லை. 1973, சான் அந்தோனியோ வழக்கு, 5-க்கு 4. ஏழைகள் வாழும் எட்ஜ்வுட் வட்டாரத்தில் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 356 டாலர், பக்கத்திலேயே பணக்கார அலமோ ஹைட்ஸில் 594. இந்த வித்தியாசம் செல்லும் என்றார்கள். ரோ வந்த அதே ஆண்டு.

குமார்_டெலவேர்:
டீச்சர் சொன்னது முக்கியம். உரிமைகள் ஏறிக்கொண்டே போன காலம் என்று நாம் நினைக்கும் அதே ஆண்டில் ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

மரத்தடி_முருகு:
கடைசியாக இரண்டு சந்தேகம். அந்த முன்வாசலை யாராவது திறக்கப் பார்த்தார்களா? உரிமைச் சாசனத்தில் இன்றும் மாநிலங்களுக்குப் பொருந்தாதது ஏதாவது உண்டா?

சங்கரி_வக்கீல்:
பார்த்தார்கள். 2010-இல் சிகாகோவில் ஓட்டிஸ் மெக்டொனால்டு கைத்துப்பாக்கி உரிமை கேட்ட வழக்கு. அவர் வக்கீல் முன்வாசலைத்தான் தட்டினார். நீதிபதி ஸ்காலியா, சட்டக்கல்லூரியில் வேலை ஏதாவது தேடுகிறீர்களா என்கிற தொனியில் கிண்டல் செய்தார். 5-க்கு 4-இல் மெக்டொனால்டு ஜெயித்தார், அந்த ஐவரில் நால்வர் பழைய கொல்லைப்புறம், நீதிபதி தாமஸ் ஒருவர் மட்டும் முன்வாசல். 2019-இல் இன்டியானாவின் டிம்ஸ் வழக்கிலும் அதே கதை. போதைப்பொருள் விற்றதற்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர், ஆனால் மாநிலம் அவருடைய 42,000 டாலர் லேண்ட் ரோவரைப் பறிமுதல் செய்தது. மிதமிஞ்சிய அபராதம் கூடாது என்ற எட்டாவது திருத்தம் மாநிலங்களையும் கட்டும் என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். தாமஸ் மறுபடி முன்வாசல், நீதிபதி கோர்சச்சும் அதுதான் பொருத்தமாக இருக்கலாம் என்றார். ரோவை வீழ்த்திய தீர்ப்பில், கிரிஸ்வால்டையும் ஓரினத் திருமணத்தையும்கூட மறுபரிசீலிக்க வேண்டும் என்று தனியாக எழுதியதும் இதே தாமஸ்தான். முன்வாசலைத் திறக்க ஆசைப்படும் நான் அவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருப்பதைப் பழனியப்பன் ஐயா ரசிப்பார்.

பழனியப்பன்_எம்:
ரசித்தேன். வாசல் எதுவானாலும் உள்ளே யார் வரலாம் என்று சொல்லப்போவது அதே ஒன்பது பேர்தான்.

சங்கரி_வக்கீல்:
அது உண்மை. ஆனால் முன்வாசலில் நிற்பவர் குறைந்தது எந்த உரிமை, யார் எழுதினார்கள், அன்று என்ன பொருள் என்று காட்ட வேண்டியிருக்கும். இப்போது 'சுதந்திரம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வரலாறு எழுதுகிறார்கள்.

முருகுவின் இரண்டாவது கேள்வி: உண்டு. சமாதான காலத்தில் உங்கள் வீட்டில் ராணுவத்தைத் தங்கவைக்கக்கூடாது என்ற மூன்றாவது திருத்தம் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியே வரவில்லை. சிவில் வழக்கில் ஜூரி என்ற ஏழாவது திருத்தம் மாநிலங்களுக்குப் பொருந்தாது. கடும் குற்றத்துக்கு கிராண்ட் ஜூரியின் (வழக்கு நடத்தலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) குற்றப்பத்திரிகை வேண்டும் என்ற ஐந்தாவது திருத்தப் பகுதியும் அப்படித்தான். 1884-இல் கலிஃபோர்னியா வழக்கில், நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மறுக்க, தேவையில்லை என்று சொன்ன தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது. அதனால் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர் மேல் மாநிலக் கொலை வழக்கு வந்தால் அரசு வக்கீல் நேராகவே குற்றம் சாட்டலாம், ஒரு நீதிபதி முன்னால் பூர்வாங்க விசாரணை நடந்தால் போதும். அதே ஊரில் மத்தியக் கோர்ட்டுக்குப் போகும் கடும் குற்ற வழக்கென்றால், குற்றம் சாட்டப்பட்டவர் விட்டுக்கொடுத்தாலொழிய கிராண்ட் ஜூரி கட்டாயம்.